பிரிவினிடையே பிறந்த இசைத்தட்டு

ஒரு மேளக் குழுவிலே நாதசுரம் வாசிப்பவர் திடீரென நின்றுவிட்டால் எஞ்சியோர் யாது செய்வர்? தவில் உண்டு, தாளம் உண்டு, ஒத்தும் உண்டு; ஆனால் இராகம் இல்லை. வேறொரு நாதசுரக்காரரை அழைத்துப் பழைய உருப்படிகளையே வாசிக்கச் செய்யலாம். அன்றேல் குழுவைக் கலைத்துவிட்டு அவரவர் வீடு செல்லலாம். மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. எஞ்சியோர் தம்மிடம் உள்ள ஆற்றல் யாதென ஆராய்ந்து, அதற்கேற்ற புதியதோர் இசையை ஆக்கிக்கொள்ளலாம். அது கடினமான வழி. 1967ஆம், 1968ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலே பிங்க் புளொயிட் என்னும் இளைஞர் குழு ஒன்று முதல் வழியை முயன்று தோற்று, இரண்டாவது வழியின் விளிம்பு வரை சென்று, ஈற்றில் மூன்றாவது வழியிலே கால் வைத்தது. அந்தத் தடுமாற்றத்தின் நடுவே பிறந்ததுதான் அக்குழுவின் இரண்டாவது நெடுந்தட்டு.

றொக் இசை என்றதும் அதனை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் உளர். அவ்விசையின் தராதரம் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, அதன் அமைப்பிலே கவனிக்கத்தக்க பண்பு ஒன்று உண்டு. நான்கைந்து பேர் மின் கிற்றார், பேஸ் கிற்றார், ஓர்கன், ட்றம் ஆகியவற்றோடு கூடி நிகழ்த்துவது அது. சாகித்தியம் செய்பவரும், இசை வகுப்பவரும், பாடுபவரும் பெரும்பாலும் குழுவுக்குள்ளேயே இருப்பர். வெளியே ஒரு புலவரும் இல்லை. வெளியே ஓர் இசையமைப்பாளரும் இல்லை. எனவே, பாட்டுக்களை ஆக்குபவர் போய்விட்டால் போவது ஓர் ஆள் மட்டுமன்று. குழுவின் நாவே போய்விடுகிறது.

பிங்க் புளொயிட் குழுவின் நாவாக விளங்கியவர் சிட் பாரற். இவரது இயற்பெயர் றோஜர் கீத் பாரற். 1946ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் கேம்பிறிட்ஜ் நகரிலே பிறந்தவர். ஓவியம் பயில்வதற்காக 1964இல் இலண்டன் வந்து கேம்பர்வெல் கலைக் கல்லூரியிலே சேர்ந்தார். அதே காலத்தில் இலண்டன் றீஜன்ற் வீதியில் இருந்த தொழில்நுட்பக் கழகத்திலே கட்டடக் கலை பயில வந்த மூவர் ஒன்றுகூடி இசை பழகிக்கொண்டிருந்தனர். பேஸ் கிற்றார் வாசித்த றோஜர் வோற்றர்ஸ், ஓர்கன் வாசித்த றிச்சர்ட் றைற், ட்றம் வாசித்த நிக் மேசன் என்போரே அம்மூவர். வோற்றர்ஸும் பாரற்றும் கேம்பிறிட்ஜில் ஒரே பாடசாலையிற் கற்றவர்கள். அந்த உறவினாலே பாரற் இவர்களோடு இணைந்தார். பிங்க் அன்டர்சன், புளொயிட் கவுன்சில் என்னும் இரு அமெரிக்கக் கறுப்பின இசைஞரின் பெயர்களிலிருந்து தலைக்கு ஒன்றாக எடுத்துக் குழுவுக்குப் பெயரிட்டவரும் பாரற்றே.

1967ஆம் ஆண்டின் முற்பகுதி இக்குழுவுக்குப் பொற்காலமாயிற்று. மார்ச் மாதத்திலே முதலாவது சிறு தட்டு வெளிவந்தது. யூன் மாதத்தில் வெளிவந்த இரண்டாவது சிறு தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடத்தை எட்டியது. ஆகஸ்ட் மாதத்திலே முதலாவது நெடுந்தட்டு வெளியாயிற்று. கெனத் கிறேயம் சிறுவர்க்கென எழுதிய புகழ்பெற்ற கதைநூலின் ஓர் அத்தியாயத் தலைப்பையே அதற்குப் பெயராகச் சூட்டினர். விடியலின் வாயிலில் குழலூதுவோன் என அதற்குப் பொருள் கூறலாம். இலண்டன் அபி வீதியிலுள்ள ஈ. எம். ஐ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திலே இத்தட்டு உருவாகிய வேளையில், அதே கட்டடத்தின் மற்றொரு கூடத்திலே பீற்றில்ஸ் குழுவினர் தமது பெயர்பெற்ற தட்டொன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். பீற்றில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக 1965 வரை கடமையாற்றிய நோர்மன் ஸ்மித் என்பவரே பிங்க் புளொயிட்டின் தயாரிப்பாளர்.

அந்த முதலாவது தட்டில் இருந்த பாட்டுக்கள் பதினொன்று. அவற்றுள் எட்டு, பாரற் தனியே ஆக்கியவை. குழந்தைக் கதைகளின் வியப்பும், விண்மீன்களின் தொலைவும், சோளக்கொல்லைப் பொம்மையின் தனிமையும் அவர் கையிலே சிறு சிறு பாட்டுக்களாயின. எஞ்சியோரின் பங்கு அந்தப் பாட்டுக்களுக்கு உடல் கொடுப்பதாகவே இருந்தது. இந்தக் கணக்கை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், அடுத்த தட்டின் ஏழு உருப்படிகளுள் பாரற்றின் பாட்டு ஒன்றே ஒன்றுதான்.

இடைப்பட்ட மாதங்களில் நிகழ்ந்தது யாது? அக்காலத்து இலண்டன் இளைஞர் சிலரிடையே எல். எஸ். டி. என்னும் மருட்சி தரும் போதைப் பொருள் பரவியிருந்தது. பாரற் அதனை அளவின்றி உட்கொண்டார் என்பதைப் பலரும் பதிவு செய்துள்ளனர். ஆயினும், அவரது மனத்தைச் சிதைத்தது அப்போதைப் பொருள் மட்டுந்தானா, முன்னரே உள்ளே உறங்கிக் கிடந்த நோயொன்றை அது எழுப்பிவிட்டதா, இருபத்தோராம் வயதிலே வந்த புகழின் சுமையும் அதிற் சேர்ந்ததா என்பதில் எழுதியோரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. வெளியே தெரிந்தவை அடையாளங்களே. கேம்பிறிட்ஜில் அவரோடு கூடிக் கிற்றார் பழகிய நண்பர் டேவிட் கில்மோர், அவ்வாண்டு நடுப்பகுதியில் ஒலிப்பதிவொன்றின்போது அவரைக் காணச் சென்றார். பாரற்றின் கண்களில் அறிமுகத்தின் ஒளி இல்லை எனப் பிற்காலத்திலே கில்மோர் கூறியிருக்கிறார்.

1967 இலையுதிர் காலத்திலே குழு அமெரிக்கா சென்றது. அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வினாக்களுக்கு விடை பகராது பாரற் வெறித்து நோக்கியபடி இருந்தார். மேடையிலே கிற்றாரின் தந்திகளைச் சுருதி கலையும்படி தளர்த்திவிடுவதும் நடந்தது. பயணம் இடையிலே நிறுத்தப்பட்டது. நாடு திரும்பியதும், ஜிமி ஹென்றிக்ஸ் தலைமையிலான பெருஞ் சுற்றுலா ஒன்றில் இக்குழுவும் வாசித்தது. சில இரவுகளில் பாரற் மேடையேறும் நிலையில் இருக்கவில்லை. அச்சுற்றுலாவில் வந்திருந்த மற்றொரு குழுவின் கிற்றார்க் கலைஞர் அவருக்குப் பதிலாக வாசித்தார். நவம்பரில் வெளிவந்த மூன்றாவது சிறு தட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெறவேயில்லை.

இந்நிலையிலே, 1967 டிசெம்பரில், எஞ்சிய மூவரும் டேவிட் கில்மோரை அணுகினர். பிரான்ஸ் நாட்டிலே தாம் நடத்திய குழு நொடித்துப்போக, இலண்டன் திரும்பி வண்டி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது இளைஞர் அவர். அப்போது பாரற்றை விலக்கும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. அமெரிக்காவின் பீச் போய்ஸ் குழுவிலே பிறையன் வில்சன் என்பவர் மேடையேறுவதை விட்டு வீட்டிலிருந்து பாட்டுக்களை ஆக்கிவந்தார். பாரற்றும் அவ்வாறே பாட்டெழுதி உதவட்டும், மேடையிலே கில்மோர் அவரது குறையை நிரப்பட்டும் என்பதே அவர்களது திட்டம். இரக்கமும் தன்னலமும் சரிபாதியாகக் கலந்த திட்டம் அது எனலாம்.

1968 ஜனவரியிலே ஐவராக அவர்கள் மேடையேறியது நான்கைந்து முறைக்கு மேலில்லை. முதலாவது, பேமிங்ஹாம் நகரிலே. கில்மோரின் பணி எளிதன்று. உயிரோடு அருகிலே நிற்கும் நண்பனின் பாட்டுக்களை அவனுடைய குரலிலே பாடவும், அவனுடைய கிற்றார் நடையிலே வாசிக்கவும் அவர் வேண்டப்பட்டார். பாரற்றோ சில வேளைகளில் வாசித்தார். சில வேளைகளில் மேடையிலே உலாவினார். ஒத்திகை ஒன்றிலே அவர் புதிய பாட்டொன்றைக் கற்பிக்கத் தொடங்கினார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும் தறுவாயில் ஒவ்வொரு முறையும் அதன் போக்கை மாற்றினார். இப்போது விளங்கிற்றா என்னும் வினாவையே பல்லவியாகப் பாடினார். அது நோயாளியின் குழப்பமா, அன்றித் தம்மை விலக்கப்போகிறவர்களைப் பார்த்து அறிவாளி ஒருவன் செய்த பரிகாசமா என்பது விடையில்லாத வினா. அவ்வறையில் இருந்தவர்களே பிற்காலத்தில் அதனை வியப்போடு நினைவுகூர்ந்தனர்.

முடிவு வந்த விதம் மிகச் சாதாரணமானது. ஜனவரி 26ஆம் நாள் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்திலே நிகழ்ச்சி. இலண்டனிலிருந்து மோட்டார் வண்டி புறப்பட்டது. வழியிலே பாரற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றிக்கொள்வோமா என்று வண்டியிலே ஒருவர் கேட்டார். வேண்டாமே என்று மற்றொருவர் சொன்னார். வண்டி நேரே போயிற்று. கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றவில்லை, கடிதம் எழுதவில்லை, முகம் பார்த்துச் சொல்லவுமில்லை. குழுவுக்குப் பெயரிட்டவன், அதன் பாட்டுக்களை ஆக்கியவன், இருபத்திரண்டாம் பிறந்தநாள் கழிந்து மூன்று வாரங் கூட ஆகாத நிலையிலே வீட்டில் விடப்பட்டான்.

அதன்பின் நிகழ்ந்தவை இன்னும் வேதனைக்குரியவை. அப்போது பாரற்றும் றைற்றும் றிச்மண்ட் பகுதியிலே ஒரே வீட்டிற் குடியிருந்தனர். நிகழ்ச்சிக்குப் புறப்படும்போது சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுச் செல்வதும், வாசித்து முடித்துப் பல மணி நேரங் கழித்துத் திரும்புவதும் தமக்கு நேர்ந்ததென றைற் பின்னாளிலே சொல்லியிருக்கிறார். பாரற் கிற்றாரோடு வந்து ஒலிப்பதிவுக் கூடத்தின் வரவேற்பறையில் அமர்ந்து, தம்மை உள்ளே அழைப்பார்கள் எனக் காத்திருந்ததும் உண்டு என்பர். நிக் மேசன் 2004இல் வெளியிட்ட தமது நினைவு நூலிலே, அம்முடிவு முற்றிலும் ஈவிரக்கமற்றது என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டுள்ளார். அவ்வாறு செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். இருபத்து நான்கு வயதைத் தாண்டாத இளைஞர்கள்; மனநோயைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள்; கடன் பெருகி, நிகழ்ச்சிகள் குலைந்து, தமது வாழ்வே சரிகிறது என அஞ்சியவர்கள். ஆயினும், அச்சத்தினாற் செய்தது செய்யாததாகிவிடாது.

குழுவின் முகாமையாளர்களாக இருந்தோர் பீற்றர் ஜென்னர், அன்ட்ரூ கிங் என்னும் இருவர். இசைஞர் நால்வரும் முகாமையாளர் இருவரும் ஆக அறுவரும் சமபங்காளிகள் என்பது அவர்களிடையே இருந்த உடன்பாடு. 1968 மார்ச் மாதத்தில் அப்பங்குடைமை கலைந்தது. அப்போது முகாமையாளர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. பாரற் இல்லாத குழுவுக்கு எதிர்காலம் இல்லை எனக் கருதி, அவர்கள் பாரற்றோடு சென்றனர். எஞ்சிய குழுவைக் கைவிட்டவர்கள் அதனை நன்கறிந்தவர்களே. ஏப்ரல் 6ஆம் நாள் பாரற்றின் விலகல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இரண்டாவது நெடுந்தட்டின் வேலை பாதி நிறைவேறியிருந்தது. ‘ஏ சோசர்புல் ஒவ் சீக்கிரெற்ஸ்’ என்பது அதன் பெயர். சோசர் நிறைய இரகசியங்கள் என்று பொருள்படும்.

இத்தட்டை ஒரே காலத்து ஆக்கமாகக் கொள்ளல் ஆகாது. சில பகுதிகள் 1967இல், பாரற் குழுவில் இருந்தபோதே பதிவானவை. சில பகுதிகள் 1968 வசந்தத்தில், கில்மோர் வந்தபின் பதிவானவை. எனவே, நிலத்தை அகழ்வோர் மண்ணடுக்குகளைக் காண்பதுபோல, கேட்போர் இத்தட்டிலே இரு காலங்களின் அடுக்குகளைக் காணலாம். றைற் ஆக்கிய ‘றிமெம்பர் ஏ டே’ என்னும் பாட்டு பழைய அடுக்கைச் சேர்ந்தது. இழந்த இளமைப் பருவத்தை ஏங்கி நினைக்கும் அப்பாட்டிலே கம்பிகளின்மீது வழுக்கிச் செல்லும் கிற்றார் ஒலி பாரற்றினுடையது. அதற்கேற்ற தாள நடை மேசனுக்குக் கைவராமையால், தயாரிப்பாளர் ஸ்மித்தே ட்றம்மின் முன் அமர்ந்து வாசித்தார்.

வோற்றர்ஸ் இத்தட்டுக்கு மூன்று பாட்டுக்களை ஆக்கினார். முதலாவது தட்டிலே அவருடைய பாட்டு ஒன்றே இடம்பெற்றிருந்தது, அதுவும் சிறப்புடையதன்று. பாட்டெழுதுவோன் இல்லாத வீட்டில் எவரேனும் எழுதித்தான் ஆகவேண்டும் என்னும் நெருக்கடியே அவரைப் பாட்டாசிரியராக்கிற்று. அம்மூன்றுள் தலைசிறந்தது, சூரியனின் இதயத்தை நோக்கிக் கலத்தைச் செலுத்தும்படி கூறும் பாட்டு. சீனத்துத் தாங் வம்சக் காலக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து சில தொடர்களை அவர் அதற்கு எடுத்துக்கொண்டார். ஓங்கி முழங்காமல், மந்திர உச்சாடனம் போலத் தணிந்த குரலிலே, ஒரே சுரக்கோவையைச் சுற்றிச் சுற்றி வரும் அமைப்புடையது. அதன் பதிவு 1967 ஆகஸ்டிலே தொடங்கி, கில்மோர் வந்தபின் நிறைவெய்திற்று. அதனால், அக்குழுவின் ஐவருடைய வாசிப்பும் ஒருங்கே அமைந்த ஒரே பாட்டு என்னும் சிறப்பு அதற்கு உண்டு. ஐவரும் ஒருமித்து வாசித்த மேடைகள் மறைந்துவிட்டன. அவ்வொற்றுமைக்குச் சான்றாக நிற்பது அச்சில நிமிட ஒலி மட்டுமே.

மற்றொரு பாட்டு, போரிலே கால் இழந்து மரக்கால் பெற்ற கோப்பிறல் ஒருவனைப் பற்றியது. கேலிப் பாட்டுப் போலவே அது ஒலிக்கும். ஆனால், வோற்றர்ஸின் தந்தை இரண்டாம் உலகப் போரிலே, 1944 பெப்ரவரியில், இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் மாண்டவர். மகனுக்கு அப்போது ஐந்து மாதமே. பிற்காலத்தில் வோற்றர்ஸ் ஆக்கிய பெரும் படைப்புக்களிலே திரும்பத் திரும்ப வரும் போரின் துயரம் முதன்முதலாகத் தலைகாட்டியது இந்தக் கேலிப் பாட்டிலேதான். எல்லாப் பாட்டுக்களும் வெற்றி பெற்றன என்று சொல்வதற்கில்லை. றைற் ஆக்கிய ‘சீ-சோ’ என்னும் பாட்டு பதிவாகியபோது, தாம் கேட்டவற்றுள் இரண்டு நீங்கலாக மிகச் சலிப்பூட்டும் பாட்டு என்பதையே அதற்குத் தற்காலிகப் பெயராகக் குழுவினர் வைத்திருந்தனர். பாரற்றின் குழந்தைமையை அவரல்லாதார் பாட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. இரவல் சட்டை எத்துணை அழகாயினும் தோளிலே சரியாக அமையாது.

இனி, தட்டின் பெயரையே தாங்கிய உருப்படிக்கு வருவோம். ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் நீளும் இதிலே சொற்கள் இல்லை. வோற்றர்ஸும் மேசனும் கட்டடக் கலை மாணவர்கள் அல்லவா? ஒரு தாளை விரித்து, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே உச்சம் என்பவற்றைக் கட்டட வரைபடம் வரைவதுபோலக் கோடுகளாலும் குறிகளாலும் வரைந்துகொண்டனர். சுரங்களை எழுதவில்லை, வடிவத்தை வரைந்தனர். அவ்வடிவத்துக்குள்ளே ஒலிகளை நிரப்பினர். ஒலிவாங்கியை மிக அணித்தே வைத்துச் சிம்பல் தகட்டை மெல்லத் தட்டி எழுப்பிய அதிர்விலே அது தொடங்குகிறது. அடுத்து, மேசனின் தாளக்கட்டு ஒன்று ஒலிநாடாவிலே வளையமாக ஒட்டப்பட்டு இடைவிடாது சுழல, பியானோவை அறையும் ஒலியும் கிற்றாரின் அலறலும் அதன்மீது மோதுகின்றன. பின்னர் ஆரவாரம் அடங்குகிறது. ஈற்றிலே, தேவாலயத்தை நினைவூட்டும் ஓர்கன் இசை எழ, சொல்லில்லாத குரல்கள் அதனோடு கலந்து மெல்ல உயர்கின்றன. போருக்கு முன்னைய அமைதி, போர், போர் முடிந்த களம், இறந்தோர்க்கு இரங்கல் என இந்நான்கு பகுதிகளையும் வோற்றர்ஸ் விளக்கியதாகச் சொல்வர்.

இக்குழு தன்னைத்தான் கண்டுகொண்ட இடம் இதுவே. பாரற்றைப் போலச் சிறு பாட்டு எழுதும் கை இவர்களிடம் இருக்கவில்லை. அவரைப் பின்பற்றி எழுதியவை சோபிக்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த சிறு தட்டும், ஆண்டிறுதியில் வெளிவந்த மற்றொன்றும் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால், நீண்ட காலப் பரப்பிலே ஒலியை அடுக்கி ஒரு மாளிகை கட்டும் ஆற்றல் இவர்களிடம் இருந்தது. பாரற்றின் பாட்டுக்கள் முன்னே நின்ற காலத்தில் அந்த ஆற்றல் பின்னே நின்றது. முன்னே நின்றது மறைந்ததும் அது தெரியலாயிற்று. தயாரிப்பாளர் ஸ்மித்துக்கு இது பிடிக்கவில்லை. இந்த விளையாட்டு முடிந்ததும் முறையான மூன்று நிமிடப் பாட்டுக்களுக்கு இவர்கள் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அவர்களோ திரும்பவில்லை. 1968 டிசெம்பருக்குப் பின்னர், பதினோர் ஆண்டுகள், தமது நாட்டிலே சிறு தட்டு ஒன்றைக்கூட அவர்கள் வெளியிடவில்லை.

இனித் தட்டின் கடைசிப் பாட்டு. ‘ஜக்பாண்ட் புளூஸ்’ என்பது அதன் பெயர். இத்தட்டிலே பாரற் ஆக்கிப் பாடிய ஒரே பாட்டு. 1967 அக்டோபரிலே பதிவாகியது. அதன் நடுவே இரட்சணிய சேனையின் பாண்ட் வாத்தியக் குழு ஒன்றை வாசிக்கச் செய்யவேண்டும் எனப் பாரற் விரும்பினார். என்ன வாசிப்பது என்று அவர்கள் கேட்டபோது, விரும்பியதை வாசியுங்கள் என்றார். ஸ்மித்தோ எழுதிய சுரம் வேண்டும் என்று நின்றார். ஒழுங்கும் ஒழுங்கின்மையும் மல்லுக்கட்டும் அந்த ஓசை தட்டிலே இன்றும் கேட்கிறது. பாட்டின் பொருளோ நெஞ்சை உறுத்துவது. தம்மை இங்கே இருப்பவராக எண்ணுவோர்க்கு மிகுந்த மரியாதையோடு நன்றி கூறி, தாம் இங்கே இல்லை என்பதைத் தெரிவிக்கிறார் பாரற். வாத்தியங்கள் ஓய்ந்தபின் ஒற்றைக் கிற்றாரோடு அவர் குரல் மட்டும் எஞ்சி, வினாவொன்றோடு நின்றுவிடுகிறது. தம்மை விட்டு வண்டி போவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அவர் விடைபெற்றுக்கொண்டார் போலும்!

1967 டிசெம்பரிலே பி. பி. சி. வானொலிக்கென இக்குழு ஒலிப்பதிவு செய்தபோது, இப்பாட்டோடு பாரற் அக்காலத்தில் ஆக்கிய வேறு இரு பாட்டுக்களையும் வாசித்தது. அவ்விரண்டும் இத்தட்டிலே சேர்க்கப்படவில்லை. சிதைந்துகொண்டிருக்கும் ஒருவரின் உள்ளத்தைத் திறந்து காட்டுவன எனக் கருதப்பட்டு அவற்றின் ஒலிப்பதிவுகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. 2016 வரை முறையாக வெளிவரவேயில்லை. ஆனால், ‘ஜக்பாண்ட் புளூஸ்’ சேர்க்கப்பட்டது. அதுவும் ஈற்றிலே வைக்கப்பட்டது. புதிய குழு தன் புதுவழியை முழங்கிவிட்டு, கடைசிச் சொல்லைப் போனவரிடமே விட்டது. இதனைக் குற்றவுணர்வு என்பார் உளர். நன்றியுணர்வு என்பார் உளர். உருப்படிகள் போதாமையால் நேர்ந்தது என்பாரும் உளர். எதுவாயினும், இழப்பை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் காட்டும் தட்டாக இது அமையாமற் போனதற்கு அவ்வொரு பாட்டே காரணம்.

1968 யூன் மாத இறுதியிலே தட்டு வெளிவந்தது. கேம்பிறிட்ஜ் நண்பர்களான ஸ்டோர்ம் தோர்கர்சனும் ஓப்றி பவெலும் அதன் உறையை அமைத்தனர். ஈ. எம். ஐ. நிறுவனம் வெளியார் ஒருவரைக் கொண்டு உறை அமைக்க அனுமதித்தது பீற்றில்ஸுக்கு அடுத்தபடியாக இக்குழுவுக்கே. யூன் 29ஆம் நாள் இலண்டன் ஹைட் பூங்காவிலே திறந்த வெளியில், கட்டணமின்றி, குழு வாசித்தது. அப்பூங்காவிலே நிகழ்ந்த முதலாவது இலவச றொக் கச்சேரி அதுவே. அதனை ஒழுங்கு செய்தவர்கள் வேறெவருமல்லர். எதிர்காலம் இல்லை எனக் குழுவைக் கைவிட்ட ஜென்னரும் கிங்குமே. பெருந்தன்மையோடு வந்த முகாமையாளர்கள், தாம் கணித்தது பிழைத்ததைத் தம் கண்முன்னே கண்டனர். தட்டு பிரித்தானியப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தை அடைந்தது.

பின்னைய வரலாறு பலரும் அறிந்தது. 1971இல் வெளிவந்த ‘மெடில்’ என்னும் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உருப்படி நிறைத்தது. 1973இல் ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ வெளிவந்து உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. மனம் பேதலித்தல் அதன் கருப்பொருள்களுள் ஒன்று என்பதை நோக்கும்போது, எவருடைய நிழல் அங்கே விழுந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. அம்மாளிகைகள் யாவற்றுக்கும் கால்கோள் இட்டது 1968இன் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களே. மேசன் பல சந்தர்ப்பங்களிலே தமக்கு மிகப் பிடித்த தட்டு இதுவே என்று கூறியிருப்பதோடு, 2018இல் தாம் அமைத்த குழுவுக்கும் இதன் பெயரையே சூட்டினார்.

பாரற்றின் கதை வேறு திசையிற் சென்றது. 1970இல் அவர் தனியாக இரு தட்டுக்களை வெளியிட்டார். அவற்றின் தயாரிப்பிலே கைகொடுத்தவர்கள் கில்மோரும் வோற்றர்ஸும் றைற்றுமே. தாளம் தப்பியும் இடையிலே நின்றும் போகும் பாட்டுக்களுக்குப் பொறுமையோடு ஈடுகொடுத்து வாசித்தனர். பின்னர் பாரற் இசையைத் துறந்து, கேம்பிறிட்ஜுக்குத் திரும்பி, ஓவியம் தீட்டுவதிலும் தோட்டம் செய்வதிலும் காலங் கழித்தார். 1975 யூன் மாதத்திலே, அவரை நினைந்தே ஆக்கிய நெடும் பாட்டொன்றைக் குழுவினர் அபி வீதிக் கூடத்திலே மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். எவரென்று சிறிது நேரம் எவருக்கும் புலப்படவில்லை. அவர் பாரற் என்று தெரிந்தபோது அங்கிருந்தோர் கண்ணீர் விட்டனர். ஒருகால் அவர் கண்கள் நண்பனை அறியவில்லை; இப்போது நண்பர்களின் கண்கள் அவரை அறியவில்லை. 2006 யூலை 7ஆம் நாள், அறுபதாவது வயதிலே, பாரற் காலமானார்.

ஒரு தட்டினாலே இரு உண்மைகளை ஒருங்கே ஏற்கவேண்டியிருக்கிறது. பாரற் விலகாதிருப்பின் குழு தொடர்ந்து நிலைத்திராது. எஞ்சியோரின் சொந்த ஆற்றலும் வெளிப்பட்டிராது. இது ஓர் உண்மை. அவரை விலக்கிய விதம் நண்பர்க்குத் தகாதது; அதற்குப் பின்வந்த புகழ் ஈடாகாது. இதுவும் உண்மை. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றதை மறைத்துவிடுவர். வெற்றி பெற்றவர்களின் வரலாறாயின் அது இன்னும் எளிது. 1968இல் அந்நால்வர் வெளியிட்ட தட்டு அதனைச் செய்யவில்லை. புதியவரின் கிற்றாரும் பழையவரின் குரலும் ஒரே தட்டிலே பதிந்து கிடக்கின்றன. ஊசியை வைத்துக் கேட்போர், நால்வர் கட்டிய மாளிகையிலே உலாவிவிட்டு, வெளியேறும்போது, உள்ளே அழைக்கப்படாத ஐந்தாமவரை வாயிலிலே கண்டுதான் செல்லவேண்டும்.